பகலில் தூங்குகிறவளின் வீடு

என் அக்கா வீட்டுக்காரருக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்பது கல்யாணத்தன்றே எனக்குத் தெரியும். ஆனால் அந்த மட்டுப் புத்தி ஒரு வீடாக எழும்பி, பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் அளவுக்கு வளரும் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு இன்னொரு ஆள் துணை வேண்டியிருந்தது. அந்த ஆளும் கிடைத்தார்.

அக்கா ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். இரவு வேலை மட்டும்தான். மற்ற நர்ஸுகள் இரவு டியூட்டி என்றாலே தலைவலி, வயிற்றுவலி என்று சாக்குத் தேடுவார்கள். இவள் கேட்டு வாங்கிக்கொண்டவள். உள்ளங்கையில் அடங்குகிற குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, விடியும்வரை அவை மூச்சு விடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. எப்படித்தான் செய்கிறாயோ என்று நான் கேட்டால், "பகல்ல டாக்டர், சொந்தக்காரங்கன்னு ஒரே கூட்டம்டி. ராத்திரியிலதான் அதுங்க எனக்குன்னு இருக்கும்" என்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதையும் இதையும் முடிச்சுப் போட்டு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், அவளுக்கு அந்த வேலை பிடிக்கும், அவ்வளவுதான்.

காலையில் வருவாள், குளிப்பாள், ஏதாவது சாப்பிடுவாள், வாடகை வீட்டின் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். உச்சிவெயிலிலும் உள்ளே கும்மிருட்டு. எலி வளையானாலும் தனி வளை என்று சும்மாவா சொன்னார்கள்? சாயங்காலம்வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கி எழுந்து, முகம் தெளிந்து, மறுபடி வேலைக்குப் போவாள்.

அத்தானுக்குக் குளியலறைக் குழாய் விற்கிற கம்பெனியில் மேலாளர் வேலை. அதனால் வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் அவருக்கு ஓசியில் வரும். ஓசியில் வருவது உடம்புக்கு ஆகாது. அவற்றைப் படித்துப் படித்து மனுஷன் ஒரு மாதிரி ஆகிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் சுவரைத் தடவிப் பார்த்து, "இந்தச் சுவர் மூச்சு விடலயே" என்பார். அது சுவர் அத்தான், பேஷண்ட் இல்லை என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். இயற்கையை விட்டு நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதற்கு என் பேச்சே சாட்சி என்றார்.

சொந்த வீடு கட்டுவது என்று முடிவானதும் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். அந்தக் கட்டடக் கலைஞருக்கு நான் வைத்த பெயர் வெளிச்சக்காரர். கசங்கிய பருத்திச் சட்டை. கசங்கல்கூட யோசித்துக் கசக்கியது. செருப்பு போட மாட்டார், தரையோடு பேச வேண்டுமாம். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் அதை வியந்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த வாக்கியத்துக்குப் போவார்.

அவர் ஒரு கோடு போடுவதற்கு முன், கட்டப்போகிறவர் குடியிருக்கிற வீட்டில் ஒரு முழுப் பகல் வந்து உட்காருவாராம். யாரோடும் பேச மாட்டாராம். அந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறது, வெளிச்சம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். அதுதான் அவர் முறை, அதற்குத்தான் அவருக்குப் பெயர். அதன்படி அக்காவின் வாடகை வீட்டுக் கூடத்தில் சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவரைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது.

காலையில் அக்கா தன்னைத் தாண்டி உள்ளே போனதுகூட அவர் கண்ணில் படவில்லை; அன்று முழுக்க அவர் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: சாத்திய கதவு. உள்ளே யார் என்று சாயங்காலம் அத்தானிடம் கேட்டார். என் மனைவி, இரவு வேலை பார்க்கிறாள், பகலில் தூங்குவாள் என்று அத்தானும் உள்ளதைத்தான் சொன்னார். வெளிச்சக்காரர் கண்ணை மூடினார். திறந்தார். "இரவு வேலைங்கிறது விளைவு. காரணம் இந்த அறை" என்றார்.

அதாவது, இருட்டறை இருப்பதால்தான் என் அக்கா பகலில் தூங்குகிறாளாம். பகலில் தூங்குவதால்தான் இரவில் வேலைக்குப் போகிறாளாம். அறையில் வெளிச்சம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். பட்டப்பகலில் ஒரு நாள் பூராவும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து கண்டுபிடித்த லட்சணம் இது. ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தால்கூட "ஆன்ட்டிக்கு நைட் டியூட்டி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போயிருக்கும். அத்தானோ புல்லரித்துப்போய் எனக்குப் போன் செய்தார். "பாத்தியா, எப்பேர்ப்பட்ட பார்வை!" என்றார்.

அதற்குப் பிறகு வரைபடத்தைப் பற்றிய பேச்சுவார்த்தைகள் எல்லாமே முற்பகலில்தான் நடந்தன. வெளிச்சக்காரருக்கு அப்போதுதான் மனம் திறந்திருக்குமாம். அக்கா அந்த நேரம் தூங்குவாள். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் உட்கார்ந்து, அவள் எங்கே தூங்க வேண்டும் என்று இரண்டு ஆண்கள் முடிவு செய்தார்கள். அவள் கேட்டது ஒரே ஒரு நல்ல படுக்கையறை. "மத்ததெல்லாம் நீங்களே பாத்துக்கோங்க" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு நம்பிக்கையோடு இருந்துவிட்டாள். என்னைக் கேட்டிருந்தால் அவரை நம்பி ஒரு கிலோ தக்காளிகூட வாங்கிவரச் சொல்ல மாட்டேன்.

வீடு முடிந்தது. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. மண்ணை அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிப்படுத்திய சுவர்கள், தேன் நிறத்தில். வழவழப்பாக்காத கல் தரை. மூங்கில் தட்டி வழியாக வெயில் சரம் சரமாக விழுந்து நாள் முழுக்கத் தரையில் நகர்ந்துகொண்டிருக்கும். கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் எனக்கே வாய் அடைத்துப்போனது. அப்புறம் சுவரில் சாய்ந்தேன், முதுகெல்லாம் மண் ஆனது. குளியலறைக்குப் போனேன், மேலே கூரையே இல்லை. ஒரு காக்கா எட்டிப் பார்த்தது. கைகழுவிவிட்டு வந்து கதவுகள் எங்கே என்று கேட்டேன். கதவு வெளிச்சத்தை நிறுத்தும், அதனால் சுவர்களைத் திருப்பி மறைவு உண்டாக்கியிருக்கிறோம் என்றார் அத்தான். வெளிச்சக்காரர் சொன்னதை மனப்பாடம் செய்திருந்தார்.

படுக்கையறைக்குப் போனேன். கிழக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. கட்டில் என்று தனியாக இல்லை, கல்லில் ஒரு மேடை, அதன்மேல் மெத்தை. மெத்தைக்கு நேர் மேலே கூரையில் ஒரு பெரிய கண்ணாடி. மத்தியானத்தில் சூரியன் அதன் வழியாக இறங்கித் தலையணையில் வந்து உட்காரும். எந்த மாதத்தில் எந்தக் கோணத்தில் வெயில் இறங்கும் என்று அட்டையில் சின்ன வீடு செய்து, டார்ச் அடித்துப் பார்த்து ஆராய்ந்தாராம். சூரியனின் போக்குவரத்து அத்தனையும் தெரிந்த மனுஷருக்கு, அந்தத் தலையணையில் தலை வைக்கிறவள் எந்த நேரத்தில் தலை வைப்பாள் என்பது மட்டும் ஒரு பொருட்டே இல்லை.

முதல் வாரம் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. புது இடம், பழகிவிடும் என்றாள். கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பார்த்தாள். கண் இருட்டானது, உடம்பில் வெயில் அடித்தது. போர்வையை இழுத்து மூடினால் புழுங்கியது. கட்டிலுக்கு அடியில் படுக்கலாம் என்றால் அது கல். மாடிப்படிக்குக் கீழே படுக்கலாம் என்றால் படிகளுக்கு நடுவே வெளிச்சம் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். சாமான் அறைக்கும் ஒரு கண்ணாடி ஓடு. அத்தனை பெரிய வீட்டில் ஒரு மனுஷி கண்ணயர ஒரு முழம் இருட்டு கிடையாது.

கடைசியில் கூரைக் கண்ணாடிக்குக் கீழே மூங்கிலில் ஒரு பழைய போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் போர்வை மடித்துக் கல்மேடை ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. வெளிச்சக்காரர் வந்திருந்தாராம். தன் கையாலேயே அவிழ்த்து, நாலு மூலையும் சேர்த்து அழகாக மடித்தாராம். சிறந்த வீடு என்று ஒரு பரிசுக்கு இந்த வீடு போயிருக்கிறது, நடுவர்கள் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள், அதுவரை எதையும் தொங்கவிடவோ மூடவோ கூடாது என்று அத்தான் விளக்கினார். அந்தப் பரிசு கிடைத்தால் வெளிச்சக்காரருக்குப் பெயர், சரி. இவருக்கு என்ன? எள் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று நான் கேட்டேன். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு இதெல்லாம் புரியாது என்றார்.

எனக்கு ஏன் புரியாது? நான் ஒரு சினிமா தியேட்டரின் மேனேஜர். இருட்டை வைத்துத்தான் என் பிழைப்பு. ஒரு எக்ஸிட் கதவு கொஞ்சம் திறந்திருந்து வெளிச்சம் கசிந்தாலே ஜனங்கள் கத்துவார்கள். அக்காவை வரச் சொன்னேன். காலைக் காட்சிக்கு ஓடாத படம் ஒன்றைப் போட்டிருந்தோம். கடைசி வரிசை மூலை நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தவள், திரையில் யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்து தூங்கிப்போனாள். இடைவேளையில் விளக்குப் போடும்போதெல்லாம் எழுந்துவிடுவாள். இரண்டு துண்டுத் தூக்கம், அதுவும் கழுத்து வலியோடு. சொந்த வீடு கட்டிய ஒருத்தி தியேட்டர் நாற்காலியில் தூங்கினாள், பல மாதம்.

அத்தானிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும். "அவ உடம்பு மாறிட்டிருக்கு. சூரியனோட ஒத்துப்போகக் கொஞ்ச நாள் ஆகும்னு சொல்லியிருக்கார்" என்றார். தனக்கு அந்தக் கட்டிலில் பிரமாதமாகத் தூக்கம் வருகிறது என்று வேறு சொன்னார். வராமல் என்ன, அவர் தூங்குவது இரவில்.

பிறகு அது நடந்தது. ஒரு விடியற்காலை அக்கா ஒரு குழந்தைக்கு மருந்து ஏற்றுகிற இயந்திரத்தில் அளவைப் பதியும்போது தசமப் புள்ளியை ஒரு இடம் தள்ளி வைத்துவிட்டாள். அதை ஓடவிடுமுன் பக்கத்திலிருந்த நர்ஸ் பார்த்துவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடியிருந்தால் அந்த உடம்பு தாங்கியிருக்காது என்று அக்காவே சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் கை தவறியதில்லை. தியேட்டருக்கு வந்து என் அறையில் உட்கார்ந்து கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்ரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கிவிட்டு வா, இல்லையென்றால் உன்னை அந்தப் பிரிவில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லியிருந்தார். அதில் தப்பே இல்லை. அந்த வேலை போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "தெரியலடி" என்றாள். அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அத்தானுக்கும் சொன்னாள். இனிமேலாவது அந்தக் கண்ணாடியை மூடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நான் பாத்துக்கறேன், கவலைப்படாதே" என்றார். நானும் முட்டாள், கொஞ்சம் நம்பிவிட்டேன்.

நடுவர்கள் வந்த அன்று எங்கள் தியேட்டரில் புரொஜெக்டர் ரிப்பேர், காட்சி ரத்து. வேலை முடிந்து வந்த அக்காவை நான்தான் வண்டியில் கொண்டுவந்து அந்த வீட்டில் இறக்கினேன். பின்னால் உட்கார்ந்தபடியே என் முதுகில் தலை சாய்ந்துவிட்டது. உள்ளே போனால் வெளிச்சக்காரர் பரபரப்பாக இருந்தார். பல் தேய்க்கிற பிரஷ், மருந்துப் பாட்டில், துடைப்பம், கல்யாண போட்டோ எல்லாவற்றையும் ஒரு கோணியில் போட்டுக் கண்ணுக்கு மறைவாக வைத்திருந்தார். மனுஷர்கள் வாழ்கிற அடையாளம் எதுவும் மிச்சமிருக்கக் கூடாதல்லவா? அக்காவின் வெள்ளை யூனிஃபார்மைப் பார்த்து முகத்தைச் சுளித்து, மண் நிறத்தில் ஏதாவது மாற்றிக்கொள்ள முடியுமா என்று மென்மையாகக் கேட்டார். அவள் நின்றுகொண்டே தூங்கினாள் என்று நினைக்கிறேன்.

நடுவர்கள் மூன்று பேர். நரைத்த தலையோடு ஒரு அம்மாள், இரண்டு ஆண்கள். சுவரைத் தொட்டார்கள், தரையில் குனிந்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். படுக்கையறையில் அந்த அம்மாள் அக்காவைப் பார்த்து, இந்த வீட்டில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டார். நல்ல கேள்வி. முதல் தடவையாக ஒருவர் கேட்டார்.

அத்தான் முந்திக்கொண்டார். இந்த அறைதான் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை தாங்காமல் தொடர்ந்தார். "இவ வருஷக்கணக்கா நைட் டியூட்டி பாத்தவ. இந்த வீட்டுக்கு வந்தப்புறம் உடம்பு தானா பகலுக்குத் திரும்பிடுச்சு. அடுத்த மாசத்துலேருந்து டே டியூட்டி. வீடுதான் இவளை மாத்திச்சு."

வெளிச்சக்காரர் தலையைத் தாழ்த்திக்கொண்டார், அடக்கமாக.

அக்கா விழித்துக்கொண்டாள். "எந்த டே டியூட்டி?" என்றாள்.

சர்ப்ரைஸாகச் சொல்லலாம் என்றிருந்தேன் என்றார் அத்தான். அவரே மேட்ரனைப் போய்ப் பார்த்துப் பேசியிருக்கிறார். புறநோயாளிகள் பிரிவில், வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற இடத்தில் பகல் வேலை. அக்காவுக்குச் சம்மதம் என்று இவரே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் பார்த்துக்கொண்டது இதைத்தான். கூரையில் ஒரு துணி கட்ட மனம் வராதவர், அவள் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோணிக்குள் கையை விட்டுத் தன் பிரஷையும் மருந்தையும் எடுத்தாள். திறந்த அலமாரியிலிருந்து மற்ற யூனிஃபார்ம்களை எடுத்து மண்ணை உதறினாள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நடுவர்களைத் தாண்டி நடந்தாள். அப்போது வெளிச்சக்காரர் குறுக்கே வந்து சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அம்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் கட்டிலுக்கு வந்துடும். அதுவரைக்கும் இருந்துட்டுப் போகலாமே."

அத்தான் அவள் பின்னால் ஓடிவந்தார். "ஜனங்க இருக்கறப்ப எங்க கிளம்பிட்ட?"

"தூங்கப் போறேன்" என்றாள் அக்கா.

என் வீட்டு ஜன்னலில் இரண்டு கம்பளியை ஆணி அடித்து மாட்டினேன். அக்கா சாயங்காலம் எழுந்து நேராக மேட்ரனிடம் போனாள். என் சம்மதத்தை நான்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லவில்லை என்றாள். நர்ஸுகள் விடுதியில் ஒரு அறை கேட்டாள். மேட்ரன் ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார். அந்த மாதமும் போயிற்று, அவள் அதே பிரிவில்தான் இருக்கிறாள். விடுதி அறை எட்டடிக்குப் பத்தடி இருக்கும், சிமெண்டுத் தரை, சுண்ணாம்புகூட உரிந்திருக்கிறது. கனத்த திரை உண்டு. தாழ்ப்பாள் உண்டு.

வீட்டுக்குப் பரிசு கிடைத்தது. குடியிருப்பவரின் உறக்கத்தையும் விழிப்பையும் சூரியனோடு இணைத்த வீடு என்று பாராட்டு எழுதியிருந்தார்கள். அந்த அம்மாளும் கையெழுத்துப் போட்டிருந்தார். கேள்வி கேட்டவர், பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

பரிசு வந்த அடுத்த வாரம் அத்தான் விடுதிக்கு வந்தார். அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். நானும் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, கூரைக் கண்ணாடிக்குப் பலகை போட்டாயிற்று என்றார். இழுத்தால் மூடிக்கொள்ளும், கிழக்குப் பக்கத்துக்கும் அப்படியே. வெளிச்சக்காரரே இடம் சொல்லிக் கொடுத்தாராம், பழைய வாடகை வீட்டு இருட்டெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லையாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

எவ்வளவு நேரம் ஆச்சு என்று அக்கா கேட்டாள்.

தச்சர் காலையில் வந்தார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டுப் போய்விட்டார் என்றார் அத்தான். அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

"இதை முன்னாடியே போட்டிருக்கலாமே" என்றாள்.

"அப்பவே போட்டிருந்தா பரிசு கிடைச்சிருக்காதே" என்றார். ஒளிவுமறைவில்லாமல், ஒரு குழந்தை சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிப் பக்கத்தில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு நான் மருந்து தப்பா வச்சேனே, அந்தக் குழந்தை செத்திருந்தா?"

அத்தானின் சிரிப்பு மட்டும் இன்னும் முகத்தில் இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"அப்பவும் பரிசு கிடைச்சிருக்கும், இல்லையா?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். அக்கா எழுந்து, தனக்குப் படுக்கிற நேரம் ஆகிவிட்டது என்று சொல்லி மாடிக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கீழே எங்களுக்குக் கேட்டன. அவள் எப்போது எழுந்திருப்பாள் என்று அத்தான் என்னிடம் கேட்டார், அதுவரை உட்கார்ந்திருக்கட்டுமா என்றார். சாயங்காலம் ஆகும், எழுந்ததும் வேலைக்குப் போய்விடுவாள், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். போகிற மனுஷனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். எனக்குச் சொல்ல வரவில்லை.